கை நனைக்கும் முன்

எங்கள் குடும்பத்தில் பொய் சொல்வதில் என் வீட்டுக்காரர் உத்திராபதியை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் என் ஓரகத்தி ஜெயசித்ராவுக்கு மார்பில் புற்றுநோய் என்று திருச்சி ஆஸ்பத்திரியில் சொன்ன அன்று, அழுதுகொண்டிருந்த எங்களை ஒரு வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய் அவர் சொன்ன முதல் வார்த்தை, "ஊர்ல கர்ப்பப்பைன்னு சொல்லிக்குவோம்" என்பதுதான்.

கர்ப்பப்பை என்றால் எங்கள் ஊரில் யாரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை. பூலாம்பாடி பக்கம் தெருவுக்கு நாலு பேருக்காவது எடுத்திருக்கிறார்கள். "பாத்துக்கம்மா, வெயிட்டு தூக்காத" என்பதோடு முடிந்துவிடும். மார்பு என்றால் அப்படியில்லை. எதிரே வருகிறவர்களின் கண் நேராக அங்கேதான் போகும். அதோடு வீட்டில் ஒரு பெண் பிள்ளை இருந்தது. சித்ராவின் மகள் வெற்றிச்செல்வி அப்போது பள்ளிக்கூடம் முடித்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு வந்தது மகளுக்கும் வரும் என்று ஒரு வாய் பேசினால் போதும், பெண் கேட்டு ஒருவரும் படியேற மாட்டார்கள். இதையெல்லாம் அந்த வேப்பமரத்தடியிலேயே கணக்குப் போட்டுவிட்டார் மனுஷர்.

மருந்து ஏற ஏற சித்ராவுக்கு முடி கொட்டியது. அதற்கும் அவர் ஒரு வழி வைத்திருந்தார். குடும்பத்தோடு சமயபுரம் போய் மொட்டை போட்டுக்கொள்வது. வேண்டுதல் என்றால் யார் என்ன கேட்கப் போகிறார்கள்? அவர், அவருடைய தம்பி இளையபெருமாள், நான், மூன்று பேரும் சித்ராவுக்குத் துணை மொட்டையாக ஊருக்குத் திரும்பினோம். இடுப்பைத் தொட்ட என் முடி அன்றைக்குப் போனது போனதுதான். இன்றைக்கும் சாம்பாரில் உப்புக் குறைவு என்று அவர் வாயைத் திறந்தால் நான் அந்த முடியைத்தான் எடுத்து நீட்டுவேன்.

அந்தப் பொய்யின் கடைசிப் பகுதிதான் சிலிக்கான். இடது மார்பை எடுத்த பிறகு, உள்ளே சிலிக்கான் வைத்து வெளிப்பார்வைக்குப் பழையபடி ஆக்கலாம், வேண்டாமென்றால் அப்படியே விட்டுவிடலாம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். சித்ரா எதையும் யோசிக்கிற நிலையில் இல்லை. "மாமா என்ன சொல்றாங்களோ அப்படியே செஞ்சுடுங்க" என்றாள். மாமா என்று அவள் சொல்வது என் வீட்டுக்காரரை. அவர் வைக்கச் சொன்னார். வைத்தார்கள். ஊருக்கு வந்தபோது அவள் சேலை கட்டிய அழகில் ஒரு குறையும் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் வயலில் நல்ல மகசூல் எடுத்தவர் போல ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். வைத்தது என்னவோ அவளுக்குத்தான்.

நாங்கள் ஒரே வாசலில் இரண்டு அடுப்பு வைத்திருக்கிறவர்கள். மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போடுகிற காடு பொதுவில் இருக்கிறது. போன வெங்காய அறுவடை நேரத்தில்தான் முதலில் கவனித்தேன். சித்ரா வலது கையாலேயே எல்லாம் செய்தாள். இடது கை தோளுக்கு மேலே போகவில்லை. தலை வாரிக்கொள்ளக்கூட முடியாமல், காலையில் சீப்பை எடுத்துக்கொண்டு என் பக்கம் வந்து உட்கார ஆரம்பித்தாள். நான் பின்னிவிடும்போது என் முழங்கை ஒரு நாள் அவள் மார்பில் பட்டுவிட்டது. பட்டது எனக்கே வலித்தது. அப்படி ஒரு இறுக்கம், அம்மிக் குழவி மாதிரி.

"என்னடி இது?"

"ரெண்டு வருசமா இப்படித்தான் இறுகிக்கிட்டே வருதுக்கா. சாஞ்சு படுக்க முடியல, குனிய முடியல. மூச்சு இழுத்தா உள்ள பிடிச்சு இழுக்குது."

"ரெண்டு வருசமாவா? ஏண்டி, வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

"சொன்னா மாமா ஊருக்கு என்ன சொல்றதுன்னு யோசிக்க ஆரம்பிச்சிடுவாங்க" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அந்த வாரமே அவளைக் கூட்டிக்கொண்டு திருச்சிக்குப் பஸ் ஏறினேன்.

டாக்டரம்மா நிதானமானவர். தொட்டுப் பார்த்துவிட்டு, படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, எங்களை உட்கார வைத்துச் சொன்னார். "நோய் திரும்ப வரல, அந்தக் கவலை வேண்டாம். உள்ள வெச்சதைச் சுத்தி இருக்கற சதை இறுகிப் போச்சு. ரேடியேஷன் எடுத்தவங்களுக்கு இப்படி ஆகறது உண்டு. பழசை எடுத்துட்டுப் புதுசு வைக்கலாம். மறுபடி இறுகாதுன்னு என்னால உறுதியா சொல்ல முடியாது. இல்லன்னா எடுத்துட்டு, அப்படியே தட்டையா தைச்சு விட்டுடலாம். வீட்ல கலந்து பேசிட்டு வாங்க."

சித்ரா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "எடுத்துட்டா கையைத் தூக்க வருமா?"

"பெரும்பாலும் வரும். பயிற்சி பண்ணணும்."

"அப்ப எடுத்துடுங்க. புதுசு வேணாம்."

"அவசரப்படாதீங்க. வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"வீட்ல கேட்டுத்தான் டாக்டர் வெச்சேன். எடுக்கறதுக்கு என்னைக் கேட்டாப் போதும்."

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமா சொன்னாங்க, அக்கா சொன்னாங்க என்று எங்கள் வார்த்தையைத் தட்டாதவள். இந்த வாய் இவளுக்கு எங்கே இருந்தது என்று நினைத்தேன். டாக்டரம்மா சிரித்தார். பிறகு வேறு ஒன்று கேட்டார். "உங்களுக்குப் பொண்ணு இருக்கா?"

இருக்கிறாள், இருபத்து நாலு வயது, பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் லேபில் வேலை பார்க்கிறாள் என்றோம்.

"இவங்களுக்குச் சின்ன வயசுலயே வந்திருக்கு. இவங்க அம்மாவோட அக்காவுக்கும் இருந்திருக்குன்னு சொல்றாங்க. அதனால பொண்ணை இப்பவே ஒரு தடவை கூட்டிட்டு வாங்க. ரத்தத்துல பாக்கற டெஸ்ட் ஒண்ணு இருக்கு. வரும்னு அர்த்தமில்ல, பயப்பட வேண்டாம். ஆனா வருஷா வருஷம் தவறாம பாத்துக்கணும். சீக்கிரம் கண்டுபிடிச்சா ஒண்ணும் ஆகாது."

 பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஊர் பஸ்ஸுக்கு நிற்கும்போது சித்ரா கேட்டாள். "அக்கா, என் நோயை ஒளிச்சு வெச்சு அவளைக் கட்டிக் குடுத்துட்டா, அவ போற வூட்ல என்னன்னு சொல்லிட்டு வருசா வருசம் ஆஸ்பத்திரிக்குப் போவா?"

பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தேன். பெண்ணைக் கேட்டு அப்போதுதான் ஒரு நல்ல இடம் வந்திருந்தது. ஜெயங்கொண்டம் பக்கம் விவசாயக் குடும்பம். பையன் அறிவரசன், அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் இன்ஜினீயர். ஜாதகம் பொருந்தியிருந்தது. பெண் பார்த்துப் போய்விட்டார்கள். வெற்றிக்கும் பையனைப் பிடித்திருந்தது. போன் நம்பர் வாங்கிப் பேச ஆரம்பித்துவிட்டதுகள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கை நனைக்க வருவதாக இருந்தது.

எங்கள் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்கள் காபி குடிப்பார்கள், பஜ்ஜி, கேசரி சாப்பிடுவார்கள். சோறு மட்டும் தொட மாட்டார்கள். இலையில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு பின்வாங்கினால் பின்வாங்கியவர்களைப் பார்த்துத்தான் ஊர் சிரிக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை வரை வீட்டில் யாரும் தும்மக்கூடக் கூடாது என்கிற மாதிரி இருந்தார் என் வீட்டுக்காரர். அந்த நேரம் பார்த்து சித்ரா வாசலில் எல்லோரையும் உட்கார வைத்து, ஞாயிறு கழிந்து வருகிற புதன்கிழமை ஆபரேஷன் என்று அறிவித்தாள்.

"கல்யாணம் முடியட்டும்மா" என்றார் அவர். "இத்தனை நாள் பொறுத்த, இன்னும் நாலு மாசம் பொறுக்க மாட்டியா?"

"வலி முகூர்த்தம் பாத்தா மாமா வருது?"

"சரி, அப்ப எடுத்துட்டுப் புதுசை வெச்சுக்க. டாக்டர்தான் வெக்கலாம்னு சொல்றாங்கல்ல?"

"அதுவும் இறுகும். அப்புறம் அதை எடுக்கணும். எனக்கு வேணாம்."

"ஒரு பக்கம் இருந்து ஒரு பக்கம் இல்லாம மணமேடையில நின்னா ஊர் என்ன பேசும்? மாப்பிள்ளை வூட்ல என்ன நினைப்பாங்க?"

"ஊர் பேசும். ஊர் பேசறது எனக்கு வலிக்காது மாமா. இதுதான் வலிக்குது."

நான் நடுவில் புகுந்து, கல்யாணத்தன்றைக்கு மட்டும் உள்ளே பஞ்சு வைத்துக்கொள்ளேன் என்றேன். அவள் கோபிக்கவில்லை. "தோணுச்சுன்னா வெச்சுக்கறேன்க்கா. அத சாயங்காலம் கழட்டி வெக்கலாம். இதக் கழட்ட முடியலயே" என்றாள். 

என் வீட்டுக்காரர் தம்பி பக்கம் திரும்பினார். "டேய் பெருமாளு, நீயாவது சொல்லேண்டா." இளையபெருமாள் அண்ணன் கிழித்த கோட்டைத் தாண்டாதவர். நாற்பத்தெட்டு வயதிலும் அண்ணன் எதிரில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிற்கிறவர். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவ தூங்கி ரொம்ப நாளாச்சுண்ணே. திரும்பிப் படுக்கறப்பல்லாம் அனத்தறா. பக்கத்துல படுத்திருக்கற எனக்குத்தான் கேக்குது. எடுத்துடட்டும்."

சித்ரா அவரைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். கல்யாணத்தன்று மாலை மாற்றும்போதுகூட அவரை அவள் அப்படிப் பார்த்ததாக ஞாபகம் இல்லை. என் வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். ஆனாலும் ஆள் லேசில் விடுகிறவர் இல்லை. "சரி, என்னமோ பண்ணுங்க. ஞாயித்துக்கிழமை அவங்க கை நனைச்சுட்டுப் போகட்டும். அதுக்கப்புறம் தெரிஞ்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். எங்களுக்கெல்லாம் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. சித்ரா ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று நினைத்துக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாம்பாருக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். சித்ரா, நான், வெற்றி மூன்று பேரும்தான் இருந்தோம். சித்ரா குரலைத் தாழ்த்தாமல், கறிவேப்பிலை கேட்கிற மாதிரி சொன்னாள். "இலை போட்டதும் நான் அவங்ககிட்ட சொல்லிடப் போறேன்க்கா."

நான் கத்தியைக் கீழே வைத்தேன். "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? பொண்ணு வாழ்க்கைடி!"

"அதுக்குத்தான் சொல்றேன். சாப்பிட்டப்புறம் சொன்னா அது ஏமாத்து. அவங்களைக் கட்டிப்போட்டு விசயத்தைச் சொல்ற மாதிரி. அந்தக் கோவத்தை யார்கிட்ட காட்டுவாங்க? இவகிட்டதான்."

நான் வெற்றியைப் பார்த்தேன். அவள் கண்ணில் வெங்காயக் கண்ணீரா, நிஜக் கண்ணீரா என்று தெரியவில்லை. "நீயாவது உங்கம்மாவுக்குச் சொல்லேண்டி" என்றேன்.

"அம்மா நேத்தே என்கிட்ட கேட்டுடுச்சு பெரியம்மா. நீ வேணாம்னா சொல்லலன்னு சொல்லுச்சு. நான்தான் சொல்லச் சொன்னேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "எனக்கு அவரைப் புடிச்சிருக்கு. ஆனா ஒரு கட்டி வந்தா அதை ஒளிச்சு வெக்கற வூட்ல என்னால இருக்க முடியாது."

இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் மட்டும் ஏதோ தப்பு செய்கிறவள் போல உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கோபம் வந்தது. பயமும் வந்தது. பருப்பு பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியவில்லை.

பதினொரு மணிக்கு வேனில் வந்து இறங்கினார்கள். பையனின் அம்மா அமிர்தவல்லி, அப்பா, பெரியப்பா, உறவுக்காரப் பெண்கள். அமிர்தவல்லி நல்ல மாதிரி. வந்ததும் வெற்றியைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துப் பூ வைத்துவிட்டார். பேச்சு, சிரிப்பு என்று போய்க்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் சந்தோஷத்தில், வராத மழைக்கெல்லாம் தேதி சொல்லிக்கொண்டிருந்தார். கூடத்தில் இலை போட்டு, வந்தவர்களை உட்கார வைத்தோம். கை கழுவத் தண்ணீர் சொம்போடு சித்ரா வந்தாள். சொம்பை வலது கையில் பிடித்திருந்தாள். ஊற்றவில்லை.

"கொஞ்சம் இருங்க. கை நனைக்கறதுக்கு முன்னாடி ஒரு விசயம் சொல்லிடணும்."

என் வீட்டுக்காரர் அவசரமாக முன்னால் வந்தார். "அம்மாடி, சாப்பாடு ஆறுது" என்றார்.

"ஆறட்டும் மாமா." அவள் அமிர்தவல்லியைப் பார்த்தே பேசினாள். "எனக்கு ஆறு வருசத்துக்கு முன்னாடி மார்ல கேன்சர் வந்துச்சுங்க. கர்ப்பப்பைன்னு நீங்க கேள்விப்பட்டிருந்தா அது நாங்க சொன்ன பொய். இடது பக்கம் எடுத்துட்டு உள்ள சிலிக்கான் வெச்சிருக்காங்க. அது இறுகி வலிக்குது. வர்ற புதன்கிழமை அதையும் எடுக்கப் போறேன். புதுசு வெக்கப் போறதில்ல. கல்யாணத்துல நான் இப்படித்தான் வந்து நிப்பேன். என் பொண்ணுக்கு இப்ப ஒண்ணும் இல்ல. ஆனா வருசா வருசம் அவளை டாக்டர்கிட்ட காட்டணும். உங்க வூட்டுக்கு வந்தப்புறம் நீங்கதான் கூட்டிட்டுப் போகணும். அதுக்குச் சம்மதம்னா கை நனைங்க."

குரல் ஒரு இடத்திலும் நடுங்கவில்லை.   அமிர்தவல்லிதான் முதலில் பேசினார்.

"இத நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாமே" என்றார். குற்றம் சொல்வதாக இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"இருந்திருக்கலாங்க. நாளைக்குத் தெரிஞ்சா எம்பொண்ண நிக்க வெச்சுக் கேப்பீங்க. அதான், கேக்கறத இப்பவே என்னைக் கேளுங்கன்னு சொல்றேன்."

பையனின் பெரியப்பா தொண்டையைச் செருமினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல நேரம் முடியப்போகிறது, ஊரில் ஒரு துக்கம் வேறு இருக்கிறது, இன்னொரு நாள் நிதானமாக வருகிறோம் என்று என்னென்னமோ சொல்லிக்கொண்டு எழுந்தார். அவர் எழுந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். வேனில் ஏறுவதற்கு முன் அமிர்தவல்லி மட்டும் திரும்பி வந்து சித்ராவின் கையைப் பிடித்தார். ஒரு முறை அழுத்திவிட்டுப் போய்விட்டார்.

வேன் கிளம்பிய புழுதி அடங்குவதற்குள் என் வீட்டுக்காரர் ஆரம்பித்துவிட்டார். குடும்ப மானம், பெண்ணின் வாழ்க்கை, ஆறு வருட உழைப்பு எல்லாம் போச்சு என்று கத்தினார். பொய்யைக் காப்பாற்றியதைத்தான் உழைப்பு என்றார். இலைகளை எடுக்கப் போன என்னை சித்ரா தடுத்தாள்.

"எடுக்காதீங்கக்கா. நாம சாப்பிடுவோம். பாப்பா, வந்து உக்காரு."

வெற்றி உட்கார்ந்தாள். இளையபெருமாள் உட்கார்ந்தார். அழுதுகொண்டே சாப்பிட்ட மகளுக்கு சித்ரா பக்கத்தில் நின்று பாயசம் ஊற்றினாள். ஊற்றும்போது அவள் கண்ணும் நிறைந்துதான் இருந்தது. கல் நெஞ்சுக்காரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மகள் மனசு உடைவதைப் பார்த்துக்கொண்டே, அவளுடைய உயிருக்கு எது நல்லதோ அதைச் செய்தாள். நானாக இருந்தால் அந்தச் சொம்புத் தண்ணீரை மறுபேச்சில்லாமல் ஊற்றியிருப்பேன்.

மறுநாள் தரகரிடமிருந்து போன் வந்தது. ஜாதகத்தை இன்னொரு ஜோசியரிடம் காட்டினார்களாம், ரஜ்ஜுப் பொருத்தம் இல்லையாம், மன்னிக்கச் சொன்னார்களாம். அறிவரசன் வெற்றிக்கு 'சாரி' என்று ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தான். அவள் அதைப் பார்த்துவிட்டு நம்பரை அழித்தாள். என் வீட்டுக்காரருக்குத்தான் ஆறவில்லை. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார்.

"பாத்தியா மலரு, ரஜ்ஜு இல்லையாம் ரஜ்ஜு! அன்னைக்கு எல்லாம் பொருந்துச்சு, இன்னைக்கு இல்லையா? மூஞ்சிக்கு நேரா சொல்லத் துப்பில்லாத பயலுவ. இப்படியா வாய் கூசாம பொய் சொல்லுவானுங்க?"

நான் பாத்திரம் விளக்கிக்கொண்டே சொன்னேன். "நம்ம அளவுக்கு அவங்களுக்குப் பழக்கமில்ல போலருக்கு."

நடந்துகொண்டிருந்தவர் நின்றார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டார். அதற்கப்புறம் அவர் சித்ராவிடம் பேசவில்லை. ஆஸ்பத்திரிக்கும் வரவில்லை. கோபமா, வேறு ஏதாவதா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. முப்பது வருடம் சோறு போட்டும் ஒரு மனுஷரின் மௌனம் எனக்குப் புரியவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரிக்கிற அன்று நானும் இளையபெருமாளும் கூட இருந்தோம். நர்ஸ் பொண்ணு மெதுவாகப் பிரித்துவிட்டு, "இப்பவே பாக்கணுமாம்மா? ரெண்டு நாள் போகட்டுமே" என்றது. சித்ரா கண்ணாடி கேட்டு வாங்கினாள். நான் பார்வையைத் திருப்பிக்கொள்ளலாமா என்று யோசித்துவிட்டு, அவளே பார்க்கும்போது எனக்கென்ன என்று பார்த்தேன். தட்டையாக, குறுக்கே ஒரு நீளத் தழும்போடு இருந்தது. அவ்வளவுதான். பயப்பட அதில் ஒன்றும் இல்லை.

"வரப்பு கட்டின மாதிரி இருக்கு" என்றாள் சித்ரா. பிறகு மூச்சை இழுத்தாள். இன்னும் கொஞ்சம் இழுத்தாள். "அக்கா, உள்ள பிடிச்சு இழுக்கலக்கா. மூச்சு முழுசா உள்ள போவுது."

சொல்லிவிட்டு அழுதாள். அந்த ஆறு வருடத்தில் அவள் வாய்விட்டு அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். இளையபெருமாள் என்ன செய்வது என்று தெரியாமல் அவள் கால் பக்கம் போர்வையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார்.

கைக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் சுவரில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற வேண்டும். முதல் நாள் கழுத்து உயரம். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள். சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கொண்டும் ஏறினாள். பக்கத்துப் படுக்கைப் பெண்கள் அவளைப் பார்க்கத் தங்கள் கட்டிலிலிருந்து எழுந்து வந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இவ எங்க வூட்டுப் பொண்ணு என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன். வெற்றி லீவு போட்டுவிட்டு வந்து, தனக்கு எடுக்க வேண்டிய டெஸ்ட்டுக்கு ரத்தமும் கொடுத்துவிட்டுப் போனாள்.

தையல் பிரித்துக்கொண்டு ஊர் திரும்பிய நாளில் பஸ்ஸில் கூட்டமில்லை. இளையபெருமாள் அங்கே விட்டிருந்த வண்டியை எடுத்துவரப் பெரம்பலூரிலேயே நின்றுகொண்டார். ஊர் நிறுத்தம் வருவதற்கு முன் நான் பையிலிருந்து பெரிய துண்டை எடுத்து சித்ராவின் தோளில் போட்டேன். அவள் அதை எடுத்து மடித்து என் மடியில் வைத்தாள்.

"இந்த வெயில்லயாக்கா? பேசாம வாங்க."

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடை. அதன் பெஞ்சில் எந்நேரமும் ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அன்றைக்கும் இருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்திருந்தார். சித்ரா இறங்கினாள். பருத்திச் சேலை, ஒரு பக்கம் தட்டை. எல்லோர் கண்ணும் நான் பயந்த இடத்துக்கே போனது. உரக்கடை பூவரசன் என் வீட்டுக்காரரிடம் குனிந்து கேட்டது ரோட்டைத் தாண்டி எங்களுக்கே கேட்டது.

"என்னண்ணே, தம்பி சம்சாரத்துக்கு என்ன ஆச்சு? கர்ப்பப்பை ஆபரேஷன்னுதான சொன்னீங்க?"

நான் என் வீட்டுக்காரரின் வாயைப் பார்த்தேன். அவருக்கு ஒரு நொடியில் நூறு பொய் வரும். விபத்து என்பார், மாடு முட்டிவிட்டது என்பார். சித்ராவும் நடையை நிறுத்திவிட்டாள். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"கேன்சர்யா" என்றார். கடைக்கே கேட்கிற மாதிரி சொன்னார். "மார்ல. ஆறு வருசம் ஆச்சு. கர்ப்பப்பைன்னு நான்தான் பொய் சொன்னேன். இப்ப உள்ள வெச்சிருந்ததையும் எடுத்தாச்சு. நல்லாருக்கு."

பூவரசன் சுற்றிலும் பார்த்தான். "மெதுவாண்ணே, பாப்பாவுக்கு வரன் பாக்கற நேரத்துல..." என்று இழுத்தான்.

"மெதுவா சொல்லித்தான் ஆறு வருசம் போச்சு. உன் வூட்லயும் ரெண்டு பொம்பளைங்க இருக்காங்கல்ல? வெக்கப்படாம கூட்டிட்டுப் போய்க் காட்டுய்யா."

சொல்லிவிட்டு அவர் சித்ராவைப் பார்க்க முடியாமல் ரோட்டைப் பார்த்தார்.  எனக்குக் கண்ணை மறைத்துக்கொண்டு அழுகை வந்தது. என் முடியைப் பறித்த அந்த மனுஷரை அந்த நிமிஷத்தில் மன்னித்தேன். சித்ரா ரோட்டைக் கடந்து நேராக டீக்கடைக்குப் போனாள். எங்கள் ஊர் டீக்கடை பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவள் பூவரசனை நகரச் சொல்லிவிட்டு, என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நாக்கு வறண்டு போச்சு மாமா. எனக்கும் அக்காவுக்கும் டீ சொல்லுங்க."

அவர் சொன்னார். நானும் போய் உட்கார்ந்தேன்.